கோபித்துக்கொண்டு வந்த பிட்ச்

சுனைக்குறிச்சி கிரிக்கெட் மைதானத்தின் பிட்ச், பங்குனி பிறந்த முதல் திங்கட்கிழமை காலையில், இருபத்திரண்டு வருஷமாகப் படுத்திருந்த இடத்தைவிட்டு எழுந்து, பள்ளிக்கூட மதிலைச் சுற்றி, மாவு மில்லைத் தாண்டி, முக்குத் திருப்பத்தில் ஒரு வைக்கோல் லாரிக்கு வழிவிட்டு நின்று, ஆவுடையப்பனின் மோட்டார் வைண்டிங் கடை வாசலுக்கு வந்து நீட்டிப் படுத்துக்கொண்டது. வழியில் ஒரு பிடி மண்கூடச் சிந்தவில்லை. இரண்டு பக்கத்துக் கிரீஸ் கோடும் சுண்ணாம்பு கலையாமல் இருந்தன. ஸ்டம்ப் நட்ட ஆறு குழிகளும் அப்படியே இருந்தன. மைதானத்தில் அது கிடந்த இடத்தில் இருபத்திரண்டு கஜ நீளத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் மிச்சமிருந்தது.

கடை திறக்க வந்த ஆவுடையப்பனுக்கு, இது எப்படி வந்தது என்ற யோசனையே வரவில்லை. யாரெல்லாம் பார்த்துவிட்டார்கள் என்ற யோசனைதான் முதலில் வந்தது. எல்லோரும் பார்த்துவிட்டிருந்தார்கள். எதிரே ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் கிரீஸ் கோட்டை மிதித்துவிடாமல் ஒதுங்கி, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவரையும் பிட்ச்சையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆச்சரியப்பட்டவர் ஒருவரும் இல்லை. "நேத்து பேசுன பேச்சுக்கு யாருக்குத்தான் ரோசம் வராது?" என்றுதான் அந்த வரிசையில் பேச்சு நடந்தது.

நேற்று அரை இறுதி ஆட்டம். சுனைக்குறிச்சி விடிவெள்ளி கிரிக்கெட் கழகத்தின் தொடக்க ஆட்டக்காரரும், கேப்டனும், பேட்டுகளும் ஸ்டம்புகளும் தம் கடைப் பரணில் இருக்கிற காரணத்தால் கேப்டன் பதவியிலிருந்து யாராலும் இறக்க முடியாதவருமான ஆவுடையப்பன், சந்தித்த முதல் பந்திலேயே அவுட்டாகி, பிட்ச்சின் நடுவில் போய் நின்று, ஊர் முழுக்கக் கேட்க, "நீயெல்லாம் ஒரு பிட்ச்சா? ஒன்னயப் பேத்துப் போட்டுட்டு நெல்லு வெதச்சா ஒரு மூடையாவது தேறும்" என்று சொல்லியிருந்தார். மற்றவர்கள் அடித்து அந்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

நாற்பத்து மூன்று வயதில் ஆவுடையப்பனின் அதிகபட்ச ரன் முப்பத்தொன்று. அதிலும் எட்டு ரன் அவர் பேட்டில் படாதவை, தலைக்கு மேலே போனவை. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை அவுட்டாகியும் ஒரு தடவைகூட அது அவருடைய குற்றமாக இருந்ததில்லை. கழகம் தொடங்கிய அன்றைக்கே, ஸ்கோர் புத்தகத்தில் பெயர், ரன், அவுட்டான விதம் இவற்றுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'காரணம்' என்று நாலாவதாக ஒரு கட்டத்தை உண்டாக்கியவர் அவர்தான். அதிலிருந்து அது ஊரின் முறையாகிவிட்டது. அவுட்டானவன் உடனே வெளியேறக் கூடாது. நின்று, பிட்ச்சை நெடுநேரம் பார்த்து, பேட்டால் இரண்டு தட்டுத் தட்டி, இல்லாத ஒரு கல்லைக் குனிந்து பொறுக்கி வீசிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே வேப்பமரத்தடிக்கு வந்து, ஸ்கோர் எழுதும் ஜெபக்கனி டீச்சரிடம் காரணம் சொல்ல வேண்டும். ஜெபக்கனி டீச்சர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். சொன்னதை எழுதுவாரே ஒழிய ஒரு கேள்வி கேட்கமாட்டார். பந்து எழும்பவில்லை, பந்து எழும்பிவிட்டது, ஈரம், வறட்சி, புல் இருந்தது, புல் இல்லை என்று இருபத்திரண்டு வருஷத்துப் புத்தகங்களையும் புரட்டினால், பிட்ச்சைத் தவிர வேறு எதனாலும் சுனைக்குறிச்சியில் ஒருவன் அவுட்டானதாகத் தெரியாது. பந்து போட்டவர்கள் சும்மா கையை வீசிவிட்டுப் போனவர்கள் என்றே படிக்கிறவர்கள் நினைப்பார்கள்.

அன்று எட்டு மணிக்கு சொரிமுத்து வந்தார். ஒன்றிய அலுவலகத்தில் ரோடு ரோலர் ஓட்டுபவர் அவர். பதினோரு வருஷமாக அந்த பிட்ச்சைப் போட்டு, நனைத்து, உருட்டி, பிள்ளையைப்போல வளர்த்தவரும் அவர்தான். ஆவுடையப்பனுக்குப் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து சிநேகிதம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, அங்கங்கே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, நிமிர்ந்தார்.

"மேலுக்கு ஒண்ணும் இல்ல. மனசுலதான் ஏதோ பட்டிருக்கு" என்றார்.

"அதுக்கு என் கடைவாசல்தானாவே கெடச்சுது?"

"பொறவு? யாரு வாசல்ல போயிக் கெடக்கணுங்கீரு?"

ரோலரைக் கொண்டுவந்து சங்கிலி மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். டிராக்டர் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். தேங்காய் உடைத்துப் பார்த்தார்கள். பிட்ச் அசையவில்லை. இன்னும் இருபது நாளில் பங்குனி உத்திரக் கோப்பை இறுதி ஆட்டம், நெடுங்கரை அணியோடு, சொந்த மைதானத்தில். நெடுங்கரைக் கழகத்துச் செயலாளர் மோட்டார் சைக்கிளில் வந்து பள்ளத்தையும் பார்த்தார், கடைவாசலையும் பார்த்தார். பதினோரு நாளுக்குள் பிட்ச் அதன் இடத்துக்குப் போகாவிட்டால் இறுதி ஆட்டம் நெடுங்கரையில்தான் என்று சொல்லிவிட்டு, போகிறபோது பிட்ச்சுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஊர் அதற்குள் பிட்ச்சோடு வாழப் பழகிவிட்டது. மினி பஸ் தெருமுனையிலேயே நின்றது. கண்டக்டர், "பிட்ச்சு ஸ்டாப்பிங் எறங்கு" என்று கத்தினான், அந்தப் பெயரே டிக்கெட்டிலும் ஏறியது. செருப்போடு யாரும் அதன்மேல் நடக்கவில்லை. ரேஷன் கடைக்காரர் வரிசையைக் கிரீஸ் கோட்டை ஒட்டி நிற்கவைத்தார். கோட்டைத் தாண்டியவர்களுக்கு அன்று சீனி இல்லை. பெண்கள்தான் முதலில் விவரமாக இருந்தார்கள். வத்தல் போடுகிற காலம்; மொட்டைமாடி ஏறி இறங்கி முழங்கால் வலித்துக் கிடந்தவர்களுக்கு, பத்தடி அகலத்தில் இருபத்திரண்டு கஜத்துக்குக் கெட்டிக் களிமண் தரை வாசலிலேயே வந்து விழுந்தால் விடுவார்களா? பழைய வேட்டிகளை விரித்து, வரிசையாக அரிசிக் கூழ் வத்தல் ஊற்றிவிட்டார்கள்.

மூன்றாம் நாள், ஆவுடையப்பனின் மனைவி செண்பகம் கடைப்படியில் உட்கார்ந்து காக்கை விரட்டிக்கொண்டே, வத்தலைப் பற்றி ஆரம்பித்தாள்.

"ஏங்க, இது காலைல ஒம்பது மணி வரைக்கும் ஜில்லுன்னு இருக்கு. அடியில ஈரம் நிக்குது. வேட்டியில ஊத்துன கூழு தாறுமாறா ஓடுது, எங்க போயி நிக்கும்னு சொல்ல முடியல. பத்துலேருந்து ரெண்டு வரைக்கும் தங்கம். எங்க ஊத்துனாலும் சொன்னபடி நிக்கி. ரெண்டுக்குப் பொறவு வெயிலு குடிச்சுக் குடிச்சு கீறல் விடுது. அந்தக் கீறல்மேல ஊத்துனது ஒண்ணு இந்தப் பக்கம் திரும்புது, ஒண்ணு அந்தப் பக்கம் திரும்புது."

ஆவுடையப்பன் கையிலிருந்த செம்புக் கம்பிச் சுருளைக் கீழே வைத்தார். காலையில் ஈரம் இருக்கும்போது வேகப்பந்துக்காரனுக்கு, நடுப்பகலில் பேட் பிடித்தவனுக்கு, வெயில் சாயும்போது சுழற்பந்துக்காரனுக்கு என்று, பேட்டுக்கும் பந்துக்கும் ஒரே நாளில் மூன்று தடவை சாயும் தராசை இவள் மூன்றே நாளில் படித்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக டாஸ் போடும்முன் சாவியால் பிட்ச்சைக் கீறி, மண்ணை மோந்து, வானத்தைப் பார்த்து அவர் சொன்ன ஆரூடங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. காலையில் பேட்டிங் எடுத்து முப்பது ரன்னுக்குள் நாலு விக்கெட் விட்ட ஆட்டங்கள் மட்டுமே நாற்பதுக்கு மேல் இருக்கும். தம்மையே ஒருமுறை மோந்து பார்த்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவருக்கு.

"ஒரே ஒரு எடந்தான் வெளங்கல" என்றாள் செண்பகம். "அந்தக் கோடியில, கோட்டுலேருந்து மூணு எட்டு தள்ளி, ஒரு தாம்பாளம் அளவு. அங்க மட்டும் எப்பவும் நசநசன்னு ஈரம். வத்தல் காயவே மாட்டேங்கு."

வாசலில் நின்ற சொரிமுத்துதான் பதில் சொன்னார். "அது நான் செய்யிறதுதாம்மா. பதினோரு வருசத்துக்கு முன்னால உத்திரக் கோப்பையில இவரு வழுக்கி விழுந்த எடம் அது. இன்னொருத்தன் விழக் கூடாதுன்னு, வாரா வாரம் அங்க மட்டும் ஒரு கொடம் கூட ஊத்தி, களிமண்ணு வச்சு இறுக்குவேன். என்ன செஞ்சும் எனக்குத் திருப்தியா வரல."

ஆவுடையப்பன் முகத்தை மோட்டாருக்குள் விட்டுக்கொண்டார். சுற்றி முடித்த கம்பியை முழுக்க அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.

அந்த ஆட்டத்தை ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுனைக்குறிச்சியில் பிறந்த ஒரே நல்ல பேட்ஸ்மேன் சொரிமுத்து. அன்று தொண்ணூற்றாறில் இருந்தார். ஊரில் யாரும் அதுவரை நூறு அடித்ததில்லை. எதிர் முனையிலிருந்து "வா" என்று கூப்பிட்ட ஆவுடையப்பன், மூன்று எட்டு வைத்து வழுக்கி விழுந்தார். பாதி தூரம் ஓடிவந்த சொரிமுத்து ரன் அவுட்டானார். அந்த இடத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் இனி பேட்டைத் தொடுவேன் என்று மரத்தடியிலேயே சபதம் போட்டு, மறுநாள் மண்வெட்டி எடுத்தவர் சொரிமுத்து. இன்னும் கீழே வைக்கவில்லை. ஊருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். ஆவுடையப்பன் வழுக்கவில்லை.

பிட்ச்சுக்கு மருந்து என்ன என்பது ஐந்தாம் நாள் தெரிந்தது. விக்கெட் கீப்பர் பிச்சைக்கண்ணு கடைப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், "நெசமாச் சொல்லணும்னா, போன வாரம் நான் பந்தையே பாக்கல. ரோட்டுல புது பஸ்ஸு போச்சு, அதப் பாத்துட்டேன்" என்றான். உடனே பிட்ச், வத்தலும் வேட்டியுமாக, மைதானம் இருக்கும் திசையில் ஒரு முழம் நகர்ந்தது. காக்கைகள் எழுந்து உட்கார்ந்தன. பிச்சைக்கண்ணு டம்ளரை வைத்துவிட்டு, யோசித்து, "அதுக்கு முந்தின வாரமும் எங் குத்தந்தான்" என்றான். இன்னொரு முழம்.

ஜெபக்கனி டீச்சர் நூல் பிடித்து அளந்தார். கடைவாசலிலிருந்து பள்ளம்வரை எண்ணூறு முழம். பீரோவிலிருந்து இருபத்திரண்டு வருஷத்து ஸ்கோர் புத்தகங்களும் இறங்கின. தெருவில் நாற்காலி போட்டு டீச்சர் உட்கார்ந்தார், பெயர் வாசித்தார், பெயருக்கு உரியவர் வந்து, பிட்ச்சின் தலைமாட்டில் நின்று, அன்றைக்கு அவுட்டானதன் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும். பழைய கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்து, டீச்சர் புதியதை எழுதுவார்.

வந்தார்கள். வேலை விட்டு வந்தார்கள், வெளியூரில் வாழ்க்கைப்பட்டுப்போன தங்கை வீட்டிலிருந்து வந்தார்கள், துபாயிலிருந்து போனில் வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன் என்றார்கள். கட்டிக்கப்போகிறவள் பார்க்கிறாள் என்று தூக்கி அடித்தேன் என்றார்கள். முந்தினநாள் கறிச்சோறு அதிகம் என்றார்கள். வேகப்பந்துக்குப் பயம், அதனால் காலை எடுத்துவிட்டேன் என்று நாற்பது வயது ஆள் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் சொன்னபோது, பிட்ச் சந்தோஷப்பட்டு ஒன்றரை முழம் போயிற்று. தங்கமான பிட்ச், வைரமான பிட்ச் என்று முகஸ்துதி செய்தவர்களுக்கு அது அசையவில்லை. அம்பயர்மேல் பழிபோட்ட ஒருவனுக்கு இரண்டு சாண் பின்னால் வந்தது. அந்த ஈரமான இடத்தில் விழுந்து தரையோடு உருண்ட பந்துகளில் அவுட்டான ஏழெட்டுப் பேர், "டீச்சர், இது நெசமாவே பிட்ச்சுதானே?" என்று தயங்கினார்கள். "யோசிச்சுப் பாருங்க, ஒங்க பக்கமும் ஏதாவது இருக்கும்" என்றார் டீச்சர். யோசித்தார்கள், இருந்தது.

ஊரிலேயே அதிக முழம் கொடுத்தவர் ஆவுடையப்பன்தான். இரண்டு பகல் முழுக்க நின்று சொன்னார். முதலில் கூச்சமாக இருந்தது, இருபதாவதுக்குமேல் பழகிவிட்டது, ஐம்பதாவதுக்குமேல் ஒரு ருசியே வந்துவிட்டது. "எனக்கு ஆடத் தெரியாது", "அன்னைக்கும் ஆடத் தெரியாது", "அன்னைக்கு ஆடத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன், தெரியல" என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வர, ஊர் கைதட்டிச் சிரித்தது, அவரும் சிரித்தார். பிட்ச் அவர் சொல்லச் சொல்ல மாவு மில்லைத் தாண்டி, மதிலைச் சுற்றி, மைதானத்துக்குள் நுழைந்தது. எவ்வளவு சிரித்தாலும், டீச்சர் ஒவ்வொரு புத்தகத்தை எடுக்கும்போதும் அதன் அட்டையை எட்டிப் பார்த்துக்கொண்டார். எந்தப் புத்தகம் கடைசியில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு, பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கையில் பிட்ச் நின்றுவிட்டது. நெடுங்கரைச் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொரிமுத்து ரோலரின்மேல் ஏறி உட்கார்ந்து, உள்ளே இறங்கியதும் உருட்டுவதற்கு ஆயத்தமாக இருந்தார். டீச்சர் புத்தகங்களைப் புரட்டி, ஒன்றை எடுத்து விரித்தார்.

"ஒண்ணுதான் பாக்கி. சொரிமுத்து, ரன் அவுட், தொண்ணூத்தாறு. காரணம், பிட்ச் வழுக்கியது. சொன்னவர் ஆவுடையப்பன்."

"அதுல என்ன டீச்சர், அது நெசமாவே வழுக்குனதுதான்" என்றார் சொரிமுத்து ரோலரின்மேலிருந்து. "அத விட்டுட்டு வேற தேடுங்க."

ஆவுடையப்பன் பிட்ச்சின் தலைமாட்டுக்கு வந்தார். நூறு பேர் நின்றார்கள். இறுதி ஆட்டம் போனால் போகட்டும், நெடுங்கரையில் ஆடினால் கால் தேய்ந்தா போகும் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். சொன்னால் இந்த ஒரு மனிதன் தனக்கு இல்லை. இந்த ஊரில் கடைசிப் பந்துவரை தன்னோடு நின்றவன் அவன் ஒருத்தன்தான். பாதி சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"நான் சரியாக் கூப்பிடல" என்றார்.

பிட்ச் ஒரு சாண் பின்னால் வந்தது.

"சரி. கூப்பிட்டேன். சத்தமாத்தான் கூப்பிட்டேன்" என்றார். ரோலர் பக்கம் திரும்பினார். "சொரிமுத்து, நான் வழுக்கலவே. வான்னு சொல்லிட்டு மூணு எட்டு வச்சேன். நீரு பாதிக்கு வந்துட்டீரு. அப்பதான் தோணிச்சு, இன்னும் நாலு எடுத்தா நூறு அடிச்சிருவான்னு. ஊருக்கு மொத நூறு. நான் அடிக்கணும்னு வச்சிருந்த நூறு. நின்னுட்டேன். நீரு திரும்பி ஓடுனத நின்னு பாத்துட்டு, அதுக்கப்புறமா நானே விழுந்தேன். நான் அப்ப எத்தனையில இருந்தேன் தெரியுமா? பதினாலு. பதினாலுல நின்னுக்கிட்டு நூறப் பத்திக் கவலப்பட்ட நாயி நான்."

பிட்ச் பள்ளத்துக்குள் இறங்கியது. இருபத்திரண்டு கஜமும் ஒரே சத்தத்தில் பொருந்தியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

சொரிமுத்து ரோலரிலிருந்து இறங்கி வந்தார்.

"அப்ப அந்த எடம்?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு."

"பதினோரு வருசம்வே" என்றார் சொரிமுத்து. "வாரம் ஒரு கொடம்."

ஆவுடையப்பன் அழுதார். நாற்பத்து மூன்று வயதில், நூறு பேர் பார்க்க, மூக்கு ஒழுக அழுதார். சொரிமுத்து அடிக்க வருவார் என்று நாலு பேர் நடுவில் வந்தார்கள். அவர் அடிக்கவில்லை.

"உத்திரத்தன்னைக்கு நான் எறங்குதேன். நூறு அடிக்கேன். அடிச்சுட்டு வந்து உம்மகூடப் பேசுதேன். அதுவரைக்கும் நமக்குள்ள பேச்சு கெடையாது."

ஊர் மனசுக்குள் கணக்குப் போட்டது. நாற்பத்து நாலு வயது, பதினோரு வருஷம் பேட்டைத் தொடாத கை. அவர் ஒரு சபதம் எடுத்தால் எப்படி இருப்பார் என்பதற்கு ஈரம் ஊறிய அந்த இடமே சாட்சி. இனி இவர்கள் இந்த ஜென்மத்தில் பேசப்போவதில்லை என்றுதான் எல்லோருக்கும் விடை வந்தது; டீச்சருக்கும் அதே விடைதான்.

அந்த ஒன்பது நாள் ஆவுடையப்பன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மாலை ஐந்து மணிக்கு டீக்கடைக்காரர் பழக்கத்தில் இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்றைத் திரும்ப எடுத்துப் போவார். சொரிமுத்து பிட்ச்சை உருட்டினார், அந்த ஈரத்தைத் தோண்டி எடுத்து, காய்ந்த களிமண் நிரப்பி, மற்ற இடத்துக்குச் சமமாக்கினார், குடம் ஊற்றவில்லை. பிறகு பேட்டை எடுத்து, பிச்சைக்கண்ணுவைப் பந்து போடச் சொல்லி ஆடினார். பந்து ஒரு பக்கம் போயிற்று, பேட் ஒரு பக்கம் போயிற்று. மதிலுக்குப் பின்னாலிருந்து அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஆவுடையப்பன். எல்லோரும் போனபின் உள்ளே வந்து, பிட்ச்சின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதனிடம் மரியாதையாகப் பேசினார். "அன்னைக்கு ஒரு நாளு மட்டும் பந்துக்காரன் பக்கம் சாயாதீங்க. பேட்டு பக்கமே நில்லுங்க. அவன் நூறு அடிச்சாத்தான் எனக்கு வாழ்க்க." பிட்ச் ஒரு விரல்கூட நகரவில்லை. தன் இடத்துக்கு வந்தபின் அது பழையபடி வெறும் பிட்ச்தான்.

உத்திரத்தன்று டாஸ் போடப் போகும்முன் ஆவுடையப்பன் சாவியால் கீறவில்லை, மண்ணை மோந்து பார்க்கவில்லை. செண்பகத்திடம் கேட்டார்.

"பதினொரு மணிக்கு ஆட்டம். நாம மொதல்ல பேட் புடிச்சாத்தான். ரெண்டுக்குப் பொறவு புடிச்சா வத்தல் கதிதான்" என்றாள் அவள்.

டாஸ் நெடுங்கரைக்கு விழுந்தது. அவர்களும் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்திருப்பார்கள்போல; பேட்டிங் என்றார்கள். உச்சிவெயிலில் சொன்னபடி வந்த பந்தை எல்லாம் சொன்னபடி அடித்து, நூற்று அறுபத்திரண்டு எடுத்தார்கள். சுனைக்குறிச்சி இறங்கும்போது மணி இரண்டரை. பிட்ச் மெல்லிசாகக் கீறல் விட ஆரம்பித்திருந்தது.

ஆவுடையப்பன் ஏழு ரன்னில் நிற்கையில் முதல் விக்கெட் விழுந்து, சொரிமுத்து இறங்கினார். மைதானம் எழுந்து நின்றது. அவர் ஆவுடையப்பனைப் பார்க்காமல் தாண்டிப் போய், ஸ்டம்புக்கு முன்னால் நிலை பிடித்து நின்றார். ஆவுடையப்பன் எல்லாம் தீர்மானித்து வைத்திருந்தார். எப்படியும் ஒரு கட்டத்தில் ரன் அவுட் ஆபத்து வரும். அப்போது சொரிமுத்துவைத் தாண்டி ஓடி, தன் விக்கெட்டைக் கொடுத்து அவரைக் காப்பாற்றிவிடுவது. தொண்ணூறுகளில் வந்தால் நன்றாக இருக்கும். எப்படி விழுவது என்பதைக்கூட வீட்டில் கட்டில்மேல் ஒத்திகை பார்த்துவிட்டிருந்தார்.

முதல் பந்தை சொரிமுத்து முன்னால் வந்து கவர் திசையில் அடித்தார். யாரும் அசையவில்லை, பந்து எல்லைக் கயிற்றை இடித்துத் திரும்பியது. நாலு. பதினோரு வருஷத்துக்கு முந்தைய அதே கை. ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது பந்தையும் போட்டவர் நெடுங்கரை லெக் ஸ்பின்னர், வெல்டிங் பட்டறை அந்தோணிராஜ். பந்து மேலே எழுந்து, வருகிறேன் என்று சொல்லி, வராமல் நின்று, லெக் ஸ்டம்புக்கு நேராக ஒரு கீறலில் விழுந்து, சொரிமுத்து நீட்டிய பேட்டைச் சுற்றிக்கொண்டு போய் ஆஃப் ஸ்டம்பின் தலையிலிருந்த பெயில்ஸை மட்டும் எடுத்தது. ஸ்டம்ப் ஆடக்கூட இல்லை.

எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். நாலு ரன். ஆவுடையப்பன் எதிர் முனையில், தியாகம் செய்வதற்கு ஒன்றுமில்லாமல், பேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார். இனி இவன் முகத்தைத் தெருவில் பார்த்துப் பார்த்தே கிழவனாக வேண்டியதுதான்.

சொரிமுத்து பிட்ச்சைத் தட்டவில்லை. பந்து விழுந்த இடத்தைப் பார்த்தார், ஸ்டம்பைப் பார்த்தார், மறுபடி இடத்தைப் பார்த்தார். பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மரத்தடி இருக்கும் பக்கத்தை விட்டு, பிட்ச்சின் ஓரமாக நேரே ஆவுடையப்பனிடம் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தீராவே? எங்க விழுந்து எங்க போச்சு! என்னா பந்து!"

சொல்லி முடித்தபின்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பேச்சு வெளியே வந்தாயிற்று. அது காதில் விழாததுபோல, ஆவுடையப்பன் கையுறையை அவிழ்த்து மறுபடி மாட்டினார். சொரிமுத்து வாயிலிருந்து கையை எடுத்தார்.

"பேசித் தொலச்சாச்சு. இனி என்ன செய்ய?" என்றார். "கேளும். அவன் விரலப் பாத்து ஆடும். பிட்ச்சப் பாத்துக்கிட்டு நிக்காதேயும்."

ஆவுடையப்பன் அந்தோணிராஜின் விரலைப் பார்த்துப் பார்த்து ஆடி, பதினேழு அடித்து, அவர் போட்ட பந்தில்தான் அவுட்டானார். கோப்பை நெடுங்கரைக்குப் போயிற்று. கூட்டம் கலைந்து, பந்தல் பிரித்து, செண்பகம் இரண்டு முறை ஆள் அனுப்பியும், அவர்கள் இருவரும் பிட்ச்சின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த ஒரு பந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு அடி திரும்பியது என்றார் சொரிமுத்து. முக்கால் அடிதான் இருக்கும் என்றார் ஆவுடையப்பன். "உமக்கு என்னவே தெரியும்?" என்று சொரிமுத்து கோபமாகக் கேட்டார். அதைக் கேட்க ஆவுடையப்பனுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.